கவுப்பி வேரில் இருந்த முடிச்சு

எனக்கு எழுபத்தொன்பது வயது. எட்டுப் பேரை வளர்த்தேன். பெற்றது ஆறு, மற்ற இரண்டும் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். எட்டுப் பேரும் எங்கள் ஊர் கண்டக்குழி மணலில் விளைந்ததைத் தின்றுதான் ஆளானார்கள். அதனால் மண்ணைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

போன கிழமை இந்தப் பத்திரிகையில் என் வாப்பா கிணறு வெட்டிய கதையோடு நிறுத்தினேன். கிணறு வந்தால் தோட்டமும் வரத்தானே வேண்டும். ஆனால் தோட்டம் என்றதும் எனக்கு முதலில் நினைவில் வருவது வெங்காயமும் இல்லை, மிளகாயும் இல்லை. ஒரு பெண் வெள்ளை மணலில் குந்தியிருக்கிறாள். கையில் வேரோடு வந்த ஒரு கவுப்பிச் செடி, தட்டைப்பயறு என்றும் சொல்வார்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள், கொத்தமல்லி விதை அளவில். நான் நின்றுகொண்டிருக்கிறேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"எல்லாத்தையும் புடுங்கு" என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.

அவள் பெயர் ரஹ்மத்.

வந்தவர்கள்

அது சண்டைக் காலம். வடக்கே இருந்த எங்கள் முஸ்லிம் சனம் வீடு வாசலை விட்டு எழுப்பப்பட்டு, உடுத்த உடுப்போடு இந்தப் பக்கம் வந்து இறங்கியிருந்தார்கள். கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரைக்கும் பார்த்த இடமெல்லாம் கிடுகுக் கொட்டில்.

ரஹ்மத்தும் புருஷனும் இரண்டு பெண் பிள்ளைகளும் என் காணியில் இருந்தார்கள். காணி என்னுடையது. என் வாப்பா எனக்குச் சீதனமாக எழுதியது. என் பிள்ளைகளின் வாப்பா உப்பு லொறியோடு ஊர் ஊராகப் போகிறவர். தோட்டத்தில் என்ன நட வேண்டும், எதைப் பிடுங்க வேண்டும் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

ரோட்டோரத்தில் எட்டுப் பாத்தித் துண்டு ஒன்று சும்மா கிடந்தது. மாரி மழை விழத் தொடங்கும்போது ரஹ்மத் வந்து கேட்டாள்.

"ராத்தா, நீங்க வெங்காயம் வைக்கிறதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்குதானே. அதுக்குள்ள நான் கவுப்பி போடட்டா? கொஞ்சம் நாங்க கறிக்கு இலை எடுப்பம். பூக்கிற நேரம் மிச்சத்தை அப்பிடியே மண்ணுக்குள்ள தாத்து உட்டா உங்கட வெங்காயம் நல்லா வரும்."

"எங்கட வெங்காயம் எப்பவும் நல்லாத்தான் வரும் புள்ள" என்றேன். "போடு. ஆனா குப்பை சேரக் கூடாது."

கூட்டிய மண்

குப்பை பற்றிச் சொல்ல வேண்டும். அது என் குணம்.

எங்கள் பக்கத்தில் முற்றம் வெள்ளை மணல். காலையில் ஈர்க்கு விளக்குமாறு போட்டு, மீன் செதில் போல வரிவரியாகக் கோடு தெரியக் கூட்டுவோம். கோடு கலையாமல் இருந்தால் அந்த வீட்டுப் பெண் நல்ல பெண். நான் முற்றத்தோடு நிற்கவில்லை. பாத்திகளுக்கு நடுவிலும் கூட்டினேன். தென்னோலை, காய்ந்த வெங்காயத் தாள், பூவரசம் சருகு, எல்லாவற்றையும் வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டி எரிப்பேன். வெள்ளிக்கிழமை விடியும்போது என் தோட்டம் தொழுகைப் பாய் விரித்ததுபோல் இருக்கும். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பார்க்க வேண்டும் என்றுதான் கூட்டினேன்.

வாப்பா காலத்தில் அப்படி இல்லை. அவர் புகையிலைக்கு மீன் தலை, மீன் குடல், களப்பில் ஒதுங்கிய பாசி எல்லாம் தாழ்ப்பார். பாசியை ஒரு மாரி மழையில் நனையப் போட்டு உப்புப் போன பிறகுதான் மண்ணுக்குள் விடுவார். அந்த நாற்றத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். என்னைத்தான் பார்க்க வந்தார்கள். அன்றைக்கே முடிவு கட்டினேன், காணி என் கைக்கு வந்தால் இந்த நாற்றம் இருக்காது என்று.

வந்தது. சாக்கு உரமும் வந்தது. வெள்ளையாக, சீனி மாதிரி, வாசம் இல்லாமல். யூரியாவை எறிந்து தண்ணீர் விட்டால் நாலாம் நாள் வெங்காயத் தாள் கரும்பச்சையாக நிற்கும். வாப்பாவின் பாசியை யார் நினைத்தார்கள்?

ஆனால் சண்டை முற்றியதும் யூரியா வருவது குறைந்தது. அதில் வெடி செய்யலாமாம். அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு சாக்கும் சோதனைச் சாவடி தாண்டாது. கடிதம் கேட்டுப் போனால் நாளைக்கு வா என்பார்கள். வருடா வருடம் மண் வெளுத்துக்கொண்டே போனது. தண்ணீர் ஊற்ற ஊற்ற அடுத்த நிமிடமே வற்றிப் போகும். கையில் அள்ளினால் விரலுக்குள் நிற்காது. நான் அதையும் சுத்தம் என்றுதான் நினைத்தேன்.

கத்தரி செத்த வருடம்

அந்த முடிச்சைக் கண்டதும் நான் ஏன் அப்படிப் பதறினேன் என்பதற்கும் காரணம் இருக்கிறது.

அதற்குச் சில வருடம் முன்னால் அரை ஏக்கர் கத்தரி வைத்தேன். பூத்தது, பூத்தபடி வாடியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க வீங்கி முடிச்சு முடிச்சாக, வாதம் பிடித்த விரல் மாதிரி. அப்போதிருந்த விவசாயப் போதனாசிரியர் பார்த்துவிட்டு, வேருக்குள் கண்ணுக்குத் தெரியாத புழு, எல்லாவற்றையும் பிடுங்கி எரி, இல்லாவிட்டால் காணி முழுக்கப் பரவும் என்றார். எரித்தேன். மூன்று வருடம் அந்தத் துண்டில் ஒன்றும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு வேரில் முடிச்சு என்றால் எனக்குப் பாம்பு.

கவுப்பி, பயறு எல்லாம் நாங்கள் கடையில் வாங்கித் தின்பதுதான். நட்டுப் பார்த்ததில்லை. அதன் வேர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

நாலு பாத்தி

கவுப்பி நன்றாக வந்திருந்தது. உரம் ஒரு பிடி போடவில்லை, ஆனாலும் கரும்பச்சை. அப்போதே யோசித்திருக்கலாம்.

ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு ஆடு புகுந்து ஒரு செடியை இழுத்துப் போட்டிருந்தது. எடுத்து மூலையில் எறியப் போனேன். வேரைப் பார்த்தேன். முடிச்சு முடிச்சாக இருந்தது.

"ரஹ்மத், இங்க வா. இது என்னது?"

அவள் வந்து குந்தினாள். வேரைத் தட்டிப் பார்த்தாள்.

"இது கவுப்பிக்கு இருக்கும்தானே ராத்தா. எங்கட ஊர்லயும் இப்பிடித்தான்."

"அப்ப ஒங்கட ஊர்ல இருந்துதான் வந்திருக்கு. வெதையோட நோயையும் கட்டிக் கொண்டு வந்து என்ட காணியில எறக்கிட்டாய்."

இந்தச் சொல்லை நான் சொன்னேன். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கொட்டில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூலிக்கு வந்த பெண்கள் நாலு பேரும் கேட்டார்கள்.

"இது நோய் இல்ல ராத்தா. என்னத்துக்கு இருக்கெண்டு எனக்குச் சொல்லத் தெரியா. ஆனா இது இருந்தா வெங்காயம் நல்லா வரும் எண்டு எங்கட வாப்பா சொல்லுவாரு."

"என்ட வாப்பாவும் கனக்கச் சொன்னாரு. எல்லாத்தையும் புடுங்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற இடமும் பாத்துக்கோ. இந்த மண்ண இனி நம்ப ஏலாது."

அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. புருஷனைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் பாத்தி பாத்தியாகப் பிடுங்கத் தொடங்கினார்கள். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது எட்டில் நாலு பாத்தி வெறும் மணலாக இருந்தது. பிடுங்கியதைக் காய்ந்த தென்னோலைக்கு மேல் போட்டு நானே நெருப்பு வைத்தேன். பச்சைச் செடி எரியவில்லை; வெள்ளைப் புகையாகப் புகைந்தது.

மிஸ் சொன்னது

அன்றைக்குப் பின்னேரம் புதுப் போதனாசிரியர் வந்தாள். சிலாபம் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. தமிழ் நன்றாகக் கதைப்பாள். சைக்கிளில் வருவாள். இந்த மாரிக்கும் யூரியா இல்லை என்று சொல்ல வந்தவள், புகையைக் கண்டு ரோட்டிலேயே இறங்கிவிட்டாள்.

"உம்மா, இதை யாரு புடுங்கச் சொன்னது?"

"நான்தான் மிஸ். நோய். வேரைப் பாருங்க."

அவள் மணலில் குந்தி, நிற்கிற பாத்தியில் ஒரு செடியைக் கிளப்பினாள். விரல் நகத்தால் ஒரு முடிச்சைத் தட்டினாள். பட்டென்று கழன்று வந்தது.

"நோய் எண்டா வேரே வீங்கும் உம்மா, கழட்ட ஏலாது. இது பக்கத்துல ஒட்டிக்கொண்டுதான் இருக்கு. இங்க பாருங்க."

நகத்தால் இரண்டாகக் கிள்ளிக் காட்டினாள். உள்ளே சிவப்பு. புது மீனின் செவுளைத் தூக்கினால் தெரியுமே, அந்த நிறம்.

"உள்ளுக்கு இப்பிடிச் செவந்திருந்தா வேல நடக்குது."

"ஆருட வேல?"

"பற்றீரியா."

அந்தச் சொல்லை நான் கிளினிக்கில் கேட்டிருக்கிறேன். தண்ணீரைக் கொதிக்க வைக்காவிட்டால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வருவது அதனால்தான் என்று தாதி சொல்வாள்.

"அப்ப நோய்தானே மிஸ்."

கூலிப் பெண்கள் என் பக்கம்தான் என்று தலையாட்டினார்கள். மிஸ் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள். எனக்கு விளங்கியதை என் பாஷையில் எழுதுகிறேன்.

அந்த முடிச்சு ஒரு வீடு. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் அதற்குள் குடியிருக்கின்றன. செடி அவற்றுக்கு இனிப்புச் சாப்பாடு கொடுக்கிறது. அதற்குப் பதிலாக அவை காற்றில் சும்மா இருக்கிற சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. நாம் யூரியாச் சாக்கில் வாங்குவதும் அதே சத்துத்தான். செடியை மண்ணுக்குள் தாழ்த்தினால் அது அடுத்த பயிருக்கும் கிடைக்கும்.

முடிச்சுக்கு வெளியே மண்ணிலும் வேறு வகை உயிர்கள் இருக்கின்றன. சருகையும் பாசியையும் மீன் தலையையும் தின்று மண்ணாக்குகிறவை அவைதான். அவற்றின் பசை போன்ற ஒரு சாமான்தான் மணலை மணலோடு ஒட்டவைத்துத் தண்ணீரை நிறுத்துகிறது. தின்ன ஒன்றும் இல்லாவிட்டால் அவையும் இல்லை.

"உம்மாட தோட்டம் நல்ல வடிவு" என்றாள். "ஆனா அதுகளுக்குப் பட்டினி."

நான் வரிவரியாகக் கூட்டி வைத்திருந்த மணலைப் பார்த்தேன். வாப்பாவின் நாற்றம் எனக்கு நினைவு வந்தது.

"இந்தக் காணிக்கு இது எப்பிடி வந்திச்சு?" என்று கேட்டேன்.

"இந்த மண்ணுலயே உறங்கிக் கெடந்திருக்கும். இல்லாட்டி வெதையில ஒட்டின தூசியோட வந்திருக்கும். எனக்குச் சொல்ல ஏலா."

ரஹ்மத் புகைகிற குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் "ஓம், பாப்பம்" என்றேன். உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். மூத்த மகளிடம் சொல்லி அனுப்பினேன், மிச்சத்தைப் பிடுங்க வேண்டாம் என்று. வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நாங்கள் இருக்கட்டுமா என்று ரஹ்மத் வந்து கேட்பாள், கேட்டால் ஓம் என்போம் என்று இருந்தேன்.

அவள் வந்து கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் முடிந்து போய்ப் பார்க்கும்போது கொட்டில் காலி. முன்னால் இருந்த மணல் கூட்டியிருந்தது. வரிவரியாக.

ரோட்டுக்குத் தெரிந்த கோடு

மிச்ச நாலு பாத்தியும் பூத்தது. மிஸ் சொன்னபடி கொத்தித் தாழ்த்தினோம். இரண்டு கிழமை கழித்து எட்டுப் பாத்திக்கும் ஒரே நாளில் வெங்காயம் வைத்தோம். ஒரே விதை, ஒரே தண்ணீர், யூரியா இல்லை.

ஒரு மாதத்தில் கோடு தெரிந்தது. கயிறு பிடித்து அடித்ததுபோல. அந்தப் பக்கம் நாலு பாத்தி கரும்பச்சை. இந்தப் பக்கம் நாலு பாத்தி நுனி மஞ்சள். ரோட்டோரம் என்பதால் கற்பிட்டிக்குப் போகிற வருகிற எல்லோருக்கும் தெரிந்தது.

மீன்கார ஜலீல் சைக்கிளை நிறுத்திக் கேட்டான். "ராத்தா, வெங்காயத்துக்கும் நிவாரணம் குடுக்கிறீங்களா? அந்தப் பக்கத்து ஆக்களுக்குக் கெடைச்சிருக்கு, இந்தப் பக்கத்து ஆக்களுக்கு நிவாரணக் காட் இல்லையா?"

"மீனை நிறுத்துப் போட்டுட்டுப் போடா."

"இல்ல, கேட்டன். ரஹ்மத்த எழுப்பின பாத்தி எது, எழுப்பாத பாத்தி எது எண்டு கண் தெரியாதவனுக்கும் தெரியுது."

அவன் கெட்டவன் இல்லை. புத்தளத்துப் பக்கம் தில்லையடியில் ரஹ்மத்தின் சாச்சி வீட்டு வளவில் அவள் கொட்டில் போட்டிருக்கிறாள் என்று சொன்னவனும் அவன்தான். அங்கேயும் கவுப்பி போட்டிருக்கிறாளாம். மஞ்சளாக நிற்கிறதாம். பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு இல்லையாம்.

மிஸ்ஸிடம் கேட்டேன். வீடு கட்டின கல்லும் சாந்தும் கொட்டின வளவாக இருக்கும், அதற்குள் அந்த உயிர்கள் இருக்காது என்றாள். முடிச்சு வந்த பாத்தியில் கொஞ்சம் மண் எடுத்துக் கொண்டுபோய், விதை போடுகிற இடத்தில் கலந்தால் வரும் என்றாள். வெயில் படக் கூடாது, காயவும் கூடாது.

அரைச் சாக்கு மண்

பச்சைப் பாத்தியில் ஒரு சாண் ஆழத்தில் தோண்டி அரைச் சாக்கு எடுத்தேன். ஈரச் சாக்கால் மூடிக் கட்டினேன். பிள்ளைகள் யாரையும் கூட்டிப் போகவில்லை. பஸ்ஸில் என் காலடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பாலாவிச் சந்திச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சாமானை அவரவர் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். இளம் பட்டாளத்தான் ஒருவன் கம்பியால் சாக்கைக் குத்தினான். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான்.

"மண்."

"அடியில?"

"அடியிலயும் மண்."

"புத்தளத்தில் மண் இல்லையா?"

"இருக்கு மகன். ஆனால் இதில் உயிர் இருக்கிறது" என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அப்படித்தான் சொல்ல முடிந்தது.

அவன் இரண்டடி பின்னால் போனான். வரிசையும் பின்னால் போனது. வயதான ஒருவர், அவனுக்கு மேலதிகாரியாக இருக்க வேண்டும், வந்து சாக்கை அவிழ்த்தார். கையில் அள்ளி மணந்து பார்த்தார். மழை விழுந்த முதல் நாள் வாசம் அதில் இருந்தது. விரலால் நசுக்கினார், மண் கொஞ்சம் ஒட்டியது. அவரும் எங்கேயோ வயல் வைத்திருந்திருக்க வேண்டும். திரும்பக் கட்டி, பஸ்ஸில் ஏற்றச் சொன்னார்.

தில்லையடியில் ரஹ்மத் என்னைக் கண்டதும் முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டாள். கண் சாக்கில் இருந்தது.

"என்ன ராத்தா இது?"

"ஒன்ட பாத்தி மண்."

அவள் கட்டை அவிழ்த்துக் கையை விட்டாள். வெகு நேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

"இங்க வந்து எங்களுக்கு அரிசி தந்தாங்க, உடுப்புத் தந்தாங்க, பாய் தந்தாங்க" என்றாள். "மண் தந்தது நீங்க மட்டும்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எத்தனை பங்கு கேலி, எத்தனை பங்கு வேறு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

நான் பிழை செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல்லை நாலு தரம் வாய்க்குள் சொல்லியும் பார்த்திருந்தேன். அவள் தேத்தண்ணி தந்தாள். குடித்தேன். "சீனி கூடிப் போச்சு" என்றேன். எழும்பி வந்துவிட்டேன்.

அவள் கண்டக்குழிக்குத் திரும்பி வரவில்லை. நானும் வா என்று கூப்பிடவில்லை. ஆனால் அந்த மாரிக்குப் பிறகு என் தோட்டத்தில் சருகு எரிந்ததில்லை. வியாழக்கிழமை கூட்டியதைப் பாத்திக்குள் தாழ்த்தினேன், பாசியும் தாழ்த்தினேன். ஊர் மூக்கைப் பொத்தியது. எனக்கு அப்போது பெண் பார்க்க வருகிற வயது இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஜலீல் மீன் பெட்டிக்கு மேல் வாழையிலையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தான். ரஹ்மத் தந்து விட்டாளாம். கவுப்பிக் காய் என்று நினைத்து அவிழ்த்தேன். ஒரு முழுச் செடி. வேரோடு. வேரைக் கழுவிச் சுத்தமாக்கி அனுப்பியிருந்தாள். ஏழு முடிச்சு இருந்தது. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். சிவப்பு.

வாசிக்கச் சொல்கிறேன்

இதையெல்லாம் கொப்பியில் நானே எழுதினேன். எழுத்து எனக்குப் பிந்தி வந்தது; ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் போகும். எழுத்துப் பிழையை மகனுடைய மகள் ஸஹ்ரா திருத்துவாள். மற்றப் பிழையைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ரஹ்மத் இப்போதும் தில்லையடியில்தான் இருக்கிறாள். மகள் வீட்டில் இந்தப் பத்திரிகை எடுக்கிறார்களாம். அவளுக்குக் கண் மங்கல், காதும் மந்தம் என்று கேள்வி. யாராவது பக்கத்தில் இருந்து சத்தமாக வாசித்தால்தான் உண்டு.

அதனால் ஸஹ்ரா, நீ இதை முதலில் இருந்து எனக்கு வாசி. "நான் பிழை செய்துவிட்டேன்" என்கிற இடம் வரும்போது குரலை விழுங்காதே, மகள். அந்த இடத்தை உரக்க வாசி. தில்லையடியில் அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.